சீனமொழி கற்கச் செல்வார்க்கு
(ஓட்டப்பிடாரம் சங்கக் கூட்டத்திற் பேசியது)



நம்மவர் பலர் தீப்பெட்டித் தொழிலினர். சீனத்து மலிவு லைட்டர் நம் தீக்குச்சியை நலிவித்தமையும், 2023இல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை அரசினர் தடுத்தமையும் அறிவீர். எதிர்நின்று விற்பவன் மொழியை அறிதலும் வாணிகத்துக்கு ஒரு முதலே. ஆதலின் மைந்தரைச் சீனமொழி கற்க அனுப்ப விழைந்து, எப்பள்ளி நன்றென எம்மை வினவுகின்றனர் சிலர். கரிசற்காட்டை ஒற்றிவைத்து அனுப்புவார்க்கு இது சிறு வினாவன்று.

யாம் சீனம் அறியேம். மொழி கைவரும் வழியை அறிவேம். 671இல் சீனத்தினின்று புறப்பட்ட இத்சிங் என்னும் துறவி, நேரே நாலந்தாவுக்கு வாராது, சுமத்திராவில் ஆறு திங்கள் வடமொழி இலக்கணம் பயின்றார். இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர், கோவிற்பட்டிக்கு அணித்தாகிய காமநாயக்கன்பட்டியில் நம் மக்களிடையே வாழ்ந்தார்; 1732இல் சதுரகராதி தந்தார்.

முன்னவர் புகட்டுவது, அடிப்படையைக் கற்றபின் செல்க என்பது. பின்னவர் புகட்டுவது, சென்றபின் அம்மக்களோடு வாழ்க என்பது. சீனத்தில் ‘மா’ என்னும் ஓரசையே குரலின் ஏற்றத்தாழ்வால் தாய், சணல், குதிரை, வைதல் எனப் பொருள் வேறுபடும். ஏட்டினால் மட்டும் இது வாராது.

1962இல் தொடங்கிய பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எளிமையாக்கிய எழுத்தைக் கற்பிப்பர். தைவானில் வழங்குவது பழைய எழுத்து. யாருடன் வாணிகம் செய்வீரோ, அதற்கேற்பத் தேர்க.

பள்ளியின் பெயரை வினவுமுன், வகுப்பில் எத்தனை மாணவர், விடுதியில் எம்மொழி வழங்கும் என்று வினவுக. நம்மவரே கூடித் தமிழ் பேசும் விடுதியாயின், காடும் போம், மொழியும் வாராது.