காதல் கதையும் கையெழுத்தும்



இந்தப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டபோது, ஜாதி ஒழிப்பைப் பற்றியோ சோதிடப் புரட்டைப் பற்றியோ நாம் பேசுவோமென்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், காதல் கதை எழுதுகிறவர்கள் அதை அச்சில் கொண்டுவருவது எப்படி என்பதாகும். சுயமரியாதைக்காரனுக்கும் காதல் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று அதோ சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாம் பேசி முடித்த பிறகும் சிரிப்பு வருமானால் நாமும் கூடச் சேர்ந்து சிரிக்கத் தயாராயிருக்கிறோம்.

இதைப் பேசத் தோன்றிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் ஒரு பெண் தன் தாயாரோடு நம்மைப் பார்க்க வந்தார். தையல் வேலை செய்து பிழைப்பவர். ஒரு நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கும் வேறு ஜாதியைச் சேர்ந்த ஒரு பஸ் கண்டக்டருக்கும் உண்டான காதலை, இரவில் உட்கார்ந்து மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி முடித்திருக்கிறார். அதை ஒரு பதிப்பாளரிடம் அனுப்பினார். அவர், அச்சிடுகிறோம், 3,000 ரூபாய் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை அனுப்பிவிட்டார். தாயார் உடனே சோதிடரிடம் போய்க் கையெழுத்துப் போட நல்ல நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். "வருகிற வியாழக்கிழமை நன்றாயிருக்கிறதாம், ஐயா" என்றார். தாளில் என்ன எழுதியிருக்கிறதம்மா என்று கேட்டோம். இருவருக்கும் தெரியவில்லை. நாளைப் பார்த்தார்களே யொழியத் தாளைப் பார்க்கவில்லை!

நாம் வாங்கிப் படித்தோம். அந்தக் கதையின் சகல உரிமையும், எக்காலத்துக்கும், எல்லா மொழிக்கும், சினிமாவுக்கும் சேர்த்து, அந்த 3,000 ரூபாய்க்கு ஒப்படைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. எப்போது அச்சிடுவார், எத்தனை பிரதி அச்சிடுவார் என்று ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

தோழர்களே! புத்தகம் அச்சாவதென்பது ஒரு வியாபாரம். காகிதம், மை, கூலி, விற்பனை, லாபம், நஷ்டம் இவைதான் அதிலுள்ள தத்துவம். ஆனால் நம் எழுத்தாளர்கள் அதை ஒரு கடாட்சமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதுவது சரஸ்வதி கடாட்சமாம், அச்சாவது அதிர்ஷ்டமாம், பெயரில் எத்தனை எழுத்து இருக்க வேண்டுமென்பதற்கு எண் சோதிடமாம். சரஸ்வதியோ பெண் தெய்வம். அவள் கடாட்சம் செய்துகொண்டிருந்த இந்த நாட்டில் 1901ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. பிறகு பெண்கள் படித்தது பள்ளிக்கூடத்தினாலா, பூஜையினாலா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

அதிர்ஷ்டம் என்பது எப்படிப்பட்ட பொய் என்பதற்கு ஒரு பெண்மணியின் சங்கதியைச் சொல்லுகிறோம். இங்கிலாந்தில் 1775இல் பிறந்த ஜேன் ஆஸ்டின் என்பவர் அவர். இன்றைக்கும் உலக மெங்கும் காதல் கதை எழுதுகிறவர்கள் அவரைத்தான் பெரிய முன்னோடியாகச் சொல்லுகிறார்கள். அவர் தகப்பனார் ஒரு பாதிரியார். 1797இல் அந்தப் பாதிரியார் லண்டனில் ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, தம்மிடம் ஒரு நாவல் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். கதையைப் பார்க்காமலேயே மறு தபாலில் வேண்டாமென்று பதில் வந்துவிட்டது. பாதிரியாரே கேட்டும் கர்த்தர் கடாட்சிக்கவில்லை!

பிறகு 1803இல் அந்த அம்மையாரின் வேறொரு நாவலை ஒரு பதிப்பாளர் 10 பவுனுக்கு வாங்கினார். வாங்கினாரே தவிர அச்சிடவில்லை. ஆறு வருஷம் பொறுத்து 1809இல் அம்மையார் தம் பெயரை மறைத்து ஒரு கடிதம் எழுதிக் கேட்டார். அதற்குப் பதிலென்ன தெரியுமா? இன்ன தேதிக்குள் அச்சிடுவதாக நாம் ஒப்புக்கொள்ளவில்லை; வேறு யாராவது அச்சிட்டால் தடுப்போம்; வேண்டுமானால் 10 பவுனைக் கொடுத்துவிட்டுக் கதையை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். 1816இல் அவர் அண்ணன் பணத்தைக் கட்டி அதை மீட்டார். அம்மையார் 1817 ஜூலையில் 41ஆவது வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு, அந்த வருஷக் கடைசியில்தான் அந்தக் கதை புத்தகமாக வந்தது. பதின்மூன்று வருஷம் ஒரு கதை சிறையிலிருந்தது. காரணம் கிரகமா? சனி பகவானா? இல்லை. எந்தத் தேதிக்குள் அச்சிட வேண்டுமென்ற ஒரு வரி இல்லாததே காரணம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1811இல் அவர் முதல் நாவல் வெளிவந்தபோது, நஷ்டம் வந்தால் தாமே ஏற்பதென்றும், உரிமை தம்மிடமே இருப்பதென்றும் ஏற்பாடு. பிரதிகள் விற்றுப் போய் அவருக்கு 140 பவுன் லாபம் கிடைத்தது. அடுத்த நாவலின் உரிமையை 110 பவுனுக்கு ஒரேயடியாக விற்றுவிட்டார். 'பிரைட் அண்டு பிரெஜுடிஸ்' என்ற அந்தப் புத்தகம் 1813 ஜனவரியில் வந்து அந்த வருஷமே இரண்டாம் பதிப்பும் கண்டது. அவர் எழுதியவற்றுள் மிகுந்த புகழ் பெற்றது அதுதான். ஆனால் எத்தனை பதிப்பு வந்தாலும் அவருக்கு அதற்குமேல் ஒரு காசு உரிமை கிடையாது. கதை ஒருவரிடத்தில், லாபம் வேறொருவரிடத்தில்! உழுகிறவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்று நாம் நிலத்தைப் பற்றிச் சொல்லுகிறோமே, அந்த அநியாயம் பேனாவுக்கும் உண்டு.

சரி, அது இங்கிலாந்து, அது பழைய காலம் என்பீர்கள். நம் நாட்டில் இன்றுள்ள நிலைமையைச் சொல்லுகிறோம். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பின்னால் வந்த திருத்தங்களும் சேர்ந்து அது சொல்லுவதைக் கவனியுங்கள். நீங்கள் எழுதிய கதைக்கு எழுதிய உடனே நீங்கள்தான் உரிமையாளர். அதற்குப் பதிவு கட்டாயமில்லை. அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், நீங்கள் இறந்த பின் 60 வருஷமும் நிற்கும். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய அது பிறருக்குப் போகாது. எத்தனை காலத்துக்கு என்று தாளில் சொல்லாவிட்டால் 5 வருஷம்தான். எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உரிமையை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது தானே காலாவதியாகிவிடும். ஜேன் ஆஸ்டின் பதின்மூன்று வருஷம் பட்ட பாட்டுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வருஷத்தில் முடிவு இருக்கிறது. ஆனால் ஒன்று. தாளில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அந்தத் தாள்தான் நிற்கும். அதனால்தான் நல்ல நாளைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள் என்கிறோம்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள். எத்தனை வருஷத்துக்கு? என்னென்ன உரிமை: புத்தகத்துக்கு மாத்திரமா, சினிமாவுக்கும் மொழிபெயர்ப்புக்கும் கைப்பேசியில் படிப்பதற்கும் ஒலியாகக் கேட்பதற்கும் சேர்த்தா? எந்தத் தேதிக்குள் அச்சாகும்? எத்தனை பிரதி, என்ன விலை, நூற்றுக்கு எவ்வளவு எனக்கு? கணக்கு எப்போது காட்டப்படும்? விலை 200 ரூபாய், நூற்றுக்குப் பத்து, 500 பிரதி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதினவருக்கு 10,000 ரூபாய். அந்தப் பெண்ணுக்குத் தருவதாகச் சொன்னது 3,000, அதுவும் என்றென்றைக்கும்!

இன்னொரு வகைப் பதிப்பாளர், நீங்கள் பணம் கொடுங்கள், நாங்கள் அச்சிடுகிறோம் என்பார். சொந்தச் செலவில் அச்சிடுவது அவமானமல்ல. ஆனால் அப்போது நீங்கள் வாடிக்கைக்காரர், அவர் அச்சுக்கூலி வாங்குகிறவர். பணம் உங்களுடையது என்றால் புத்தகமும் உரிமையும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். பணமும் கொடுத்து உரிமையும் கொடுப்பது, கோவில் உண்டியலில் போடுவதற்குச் சமானம்.

பத்திரிகைக்கோ மாத நாவலுக்கோ அனுப்புகிறவர்கள், அவர்கள் போடுகிற கதை எவ்வளவு நீளம், எப்படிப்பட்டது என்று நாலு இதழை வாங்கிப் படித்துவிட்டு அனுப்புங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் தலைவிதி என்று அழாதீர்கள். ஏன் திரும்பிற்று என்று மறுபடி படித்துப் பார்த்துத் திருத்துங்கள். விதி என்பவன் திருத்த மாட்டான். புத்தி உள்ளவன் திருத்துவான்.

பெயர் போட்டால் வீட்டார் அடிப்பார்களே என்று சில பெண்கள் கேட்கிறார்கள். ஜேன் ஆஸ்டின் பெயரும் அவர் உயிரோடிருந்த வரை அவர் புத்தகத்தின் மேல் அச்சாகவில்லை. முதல் புத்தகத்தில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் இருந்தது. வேண்டுமானால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கட்டும். உரிமையை விற்ற பிறகும் கூட, இதை எழுதினது நான்தான் என்று சொல்லும் உரிமை சட்டப்படி உங்களிடமே இருக்கிறது.

வழி கிடைக்காதவர்கள் தாமே வழி செய்துகொண்டதும் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் வைதிகக் குடும்பத்தவர், நம் இயக்கத்தவரல்ல. அதனாலென்ன? 1925இல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைத் தம் கையிலெடுத்து நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். நம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாம் கண்ணால் கண்ட தேவதாசிக் கொடுமையை 1936இல் நாவலாக வெளியிட்டார். அதே கொடுமையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் வந்தது. கதைதானே என்று அலட்சியம் செய்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எதை எழுதுவது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர் காதல் கதைகள் பலவற்றில் இருபது அத்தியாயம் வரை ஜாதி விட்டு ஜாதி காதல் நடக்கும். இருபத்தோராம் அத்தியாயத்தில் பார்த்தால், அந்தப் பையன் சின்ன வயதில் காணாமற்போன அத்தை மகனாக இருப்பான்! ஜாதியும் பிழைத்தது, புரோகிதனும் பிழைத்தான், வாசகன் காசு மாத்திரம் போயிற்று. இதற்கு எதற்குக் காதல் கதை? தரகரே போதுமே! ஜேன் ஆஸ்டின் கதையில் வருகிற பெண்ணைப் பாருங்கள். அவள் வீட்டுச் சொத்து பெண் மக்களுக்குக் கிடையாது. தூரத்து உறவினனான ஓர் ஆணுக்குப் போகிறது. அவனே வந்து கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவள் முடியாதென்கிறாள். பெரிய பணக்காரன் ஒருவன் அகங்காரத்தோடு கேட்கிறான். அவனையும் முடியாதென்கிறாள். அவன் தன் தவறை உணர்ந்து திருந்தின பிறகுதான் சம்மதிக்கிறாள். பெண் ஒருத்தி முடியாதென்று சொல்லலாம் என்பதுதான் அந்தக் கதையின் உயிர். 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று நாம் தீர்மானித்ததும், 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியதும் எதற்காக? சம்மதிக்கவும் மறுக்கவும் பெண்ணுக்கு அதிகாரம் வேண்டுமென்பதற்காகத்தானே!

அந்தத் தையற்காரப் பெண்ணின் சங்கதியைச் சொல்லி முடிக்கிறோம். வியாழக்கிழமை வந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. நம் ஐந்து கேள்வியையும் எழுதி அனுப்பினார். பதிப்பாளருக்குக் கோபம் வந்து, புதிதாக எழுதுகிறவளுக்கு இவ்வளவு கேள்வியா என்று சொல்லிவிட்டார். புத்தகம் இன்னும் வரவில்லை. வேறு இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார். தாயாருக்கு நம்மீது வருத்தம். 3,000 ரூபாய் அவர்களுக்குச் சிறிய தொகையல்ல என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் நம்மிடம் சொன்னார்: "என் கதையில் வருகிற பெண் முடியாதென்று சொல்லுகிறாள், ஐயா. எழுதின நானே எல்லாவற்றுக்கும் சரியென்று கையெழுத்துப் போட்டால் அவளுக்கு என்ன மரியாதை?"

தோழர்களே, இப்போது சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சுயமரியாதைக்கும் காதல் கதைக்கும் உள்ள சம்பந்தத்தை அந்தப் பெண் நம்மைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டதால், நாம் இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.