கோடையில் கறவை மாட்டின் தீவனம்



நம் காவிரிப் படுகையில் பங்குனி பிறந்ததும் மேய்ச்சல் நிலம் காய்ந்துவிடுகிறது. பால் குறைகிறது; சித்திரைச் சந்தையில் கறவை மாடு வந்த விலைக்குப் போகிறது. தை அறுவடையின் வைக்கோற்போர் கொல்லையில் இருக்கும்போதே மாடு மெலிவதேன்? வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். வயிறு நிறையும், மடி நிறையாது.

இதற்கு யூரியாவால் வைக்கோலைப் பதப்படுத்தும் முறையை நாம் பரிந்துரைக்கிறோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 65 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி நாரை இளக்குகிறது. புரதச் சத்தும் ஏறக்குறைய இருமடங்காகிறது. எடுத்த வைக்கோலை நெடி போக ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்குதல் நலம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம்: யூரியாக் கரைசலை மாடு நேரே குடித்தால் உயிருக்கே ஆபத்து. நிறுக்காமல் கைக்கணக்கில் போடுவோர் இம்முறையைத் தொடவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும் இது ஆகாது.

அகத்தித் தழையும் தாது உப்புக் கலவையும் உடன் சேரட்டும். தண்ணீரைப் பற்றி, மாட்டைப் பேணும் தாய்மார்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மாசியிலேயே முதற் குவியலைப் போட முன்வருவோர் ஒன்றிய அலுவலகத்தில் பெயர் தரலாம். கால்நடை மருத்துவரோடு வந்து செய்து காட்டுவோம்.