போர்க்களத்திற்கு அப்பால்

சமயப் போர் என்றதும் நம் மனக்கண்முன் எழுவன கொடிகளும் குதிரைகளும் தளபதிகளுமே. பாடநூல்களும் அவற்றையே பேசுகின்றன. அந்நூல்களைக் கொண்டு பல்லாண்டுகள் சரித்திரம் கற்பித்த நான், அவற்றில் இடம்பெறாத எளிய மக்களைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நிகழ்ந்த முப்பதாண்டுப் போரை எடுத்துக்கொள்வோம்.

அப்போர் பிராக் நகரில் தொடங்கிற்று. கத்தோலிக்க மன்னரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள் அரண்மனைச் சாளரத்தின் வழியே கீழே தள்ளினர். விழுந்த மூவரும் உயிர் பிழைத்தனர். ஆனால் அதனையடுத்து மூண்ட போரில் ஜெர்மானிய நாடுகளின் மக்கட்டொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிடும் ஆசிரியர்களும் உளர்.

இத்தனை பேரும் வாளுக்கு இரையானவர்களா? அல்லர். அக்காலப் படைவீரர்க்கு ஒழுங்கான ஊதியம் கிடையாது. படை எங்குத் தங்குகிறதோ அவ்வூரே அதற்குச் சோறிட வேண்டும். தண்டத் தொகையும் கட்டவேண்டும். கட்டத் தவறினால் ஊருக்குத் தீ. உழவு மாட்டையும் விதைத் தானியத்தையும் இழந்த குடியானவன் மறு ஆண்டு எதை விதைப்பான்? பஞ்சம் வந்தது. பசியால் மெலிந்தோர் மதில் சூழ்ந்த நகரங்களுக்கு ஓடினர். அங்கே நெருக்கடியில் பிளேக்கும் காய்ச்சலும் அவர்களை எதிர்கொண்டன. ஆயுதம் கொன்றவரினும் பசியும் பிணியும் கொன்றவரே மிகப் பலர்.

ஆயுதம் செய்த கொடுமைக்கும் சான்று உண்டு. எல்பே நதிக்கரையிலுள்ள மாக்டபர்க் புராட்டஸ்டண்டுகளின் பெருநகரம். 1631-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பேரரசரின் கத்தோலிக்கப் படை மதிலைத் தாண்டி உட்புகுந்தது. கொள்ளையோடு தீயும் பரவியது. வாளால் மடிந்தோர் பலர். நிலவறைகளில் ஒளிந்து புகையால் மூச்சடைத்து இறந்தோர் பலர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். மறு ஆண்டு குடிக்கணக்கு எடுத்தபோது அந்நகரில் எஞ்சியிருந்தோர் 449 பேர்.

இனி ஒரு தனி மனிதரைப் பார்ப்போம். உல்ம் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் ஹான்ஸ் ஹேபர்லே என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி வாழ்ந்தார். 1618-இல் வானில் வால்மீன் தோன்றியதைக் கண்டு, தம் காலத்து நிகழ்ச்சிகளை எழுதிவைக்கத் தொடங்கினார். படை வரும் செய்தி கேட்டு மனைவி மக்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் உல்ம் நகருக்கு அவர் ஓடியது ஏறக்குறைய 30 முறை! பிளேக் நோய்க்குத் தாம் பெற்ற பிள்ளைகளையும் நெருங்கிய உறவினரையும் பறிகொடுத்தார். 1634-இல் அவ்வட்டாரத்தைச் சூறையாடியவர் யார் தெரியுமா? அவருடைய புராட்டஸ்டண்டுச் சமயத்தைக் காப்பதாகக் கூறிப் போரிட்ட தளபதி பெர்ன்ஹார்டின் வீரர்களே. கொள்ளையிட வந்தவன் வீட்டுக்காரனின் வேதம் எது என்று கேட்கவில்லை.

மேலிடத்திலோ சமயம் என்பது ஒரு போர்வையாயிற்று. 1631-இல் கத்தோலிக்க நாடாகிய பிரான்சு, புராட்டஸ்டண்டு நாடாகிய சுவீடனுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் கொடுத்தது. பிரெஞ்சு அரசின் முதலமைச்சராக அப்போது விளங்கிய ரிஷ்லியூ திருச்சபையின் கர்தினால்! பேரரசரின் வலிமையைக் குறைப்பதே அவர் நோக்கம். அரசர்கள் தம் நலத்திற்கேற்பத் துணைவரை மாற்றிக்கொள்ள முடிந்தது; குடியானவன் தன் நிலத்தை எங்கே தூக்கிச் செல்வான்?

1648-இல் வெஸ்ட்பாலிய உடன்படிக்கை ஏற்பட்டது. எந்தக் கோயில் யாருக்கு, எவ்வூரில் எவ்வழிபாடு என்னும் வழக்குகளுக்கு அது கண்ட தீர்வு யாது? பெரும்பாலும் 1624-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த நிலையே இருக்கட்டும் என்பதுதான். இருபத்துநான்கு ஆண்டுகள் பின்னோக்கி ஒரு கோடு கிழித்து, அங்கே போய் நின்றார்கள். கோயில்களை அக்கோட்டிற்குத் திருப்ப முடிந்தது. மாண்ட மக்களைத் திருப்ப முடிந்ததா?

ஆயினும் ஒரு நற்செயலையும் சொல்லவேண்டும். ஆக்ஸ்பர்க் நகரில் இரு சமயத்தாரும் வாழ்ந்தனர். அமைதி பிறந்தபின் நகரப் பதவிகளை இரு சாராரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். 1650 முதல் அங்கே அமைதி விழா கொண்டாடப்படுகிறது; ஆகஸ்டு 8-ஆம் நாள் இன்றும் அந்நகருக்கு மட்டும் உரிய விடுமுறை நாள். புனித உல்ரிக்கின் பெயரால் கத்தோலிக்கர் கோயிலும் புராட்டஸ்டண்டுகள் கோயிலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. இத்தகைய பங்கீட்டைப் பேசி முடிக்கப் பொறுமை வேண்டும். அதனை முதலிலேயே செய்திருந்தால் அந்தச் செருப்புத் தொழிலாளி தம் வாழ்நாளைத் தம் ஊரிலேயே கழித்திருப்பார். சமயத்தின் பெயரால் எவரேனும் நம்மைப் போருக்கு அழைக்கும்போது, அந்த 449 பேரை நாம் நினைத்துக்கொள்வோமாக.