வெளுத்துப்போன மஞ்சப்பையும் பொண்ணு படிச்ச படிப்பும்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுவில் தையல் குழு உறுப்பினர்கள் சார்பாகப் பேசியது)



நாங்கள் மைக் பிடித்துப் பழகியவர்கள் இல்லை. தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நடந்த நஷ்டத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். நஷ்டத்தைச் சொன்னால் என்ன லாபம் என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. சொல்றோம், கேளுங்க.

2023-இல் ஒரு கடைக்கு 400 மஞ்சப்பை தைத்துக் கொடுத்தோம். பை ஒன்று 40 ரூபாய். இயற்கைச் சாயம்தான் வேணும்னு கேட்டாங்க. இயற்கைன்னா மஞ்சள்தானே, நம்ம வீட்டில் இல்லாததா என்று சென்னிமலையில் காடாத்துணி எடுத்து, மஞ்சளை அரைத்து, அண்டாவில் கொதிக்க வைத்து முக்கி எடுத்தோம். பார்க்க அம்மன் கோயில் சேலை மாதிரி பளபளன்னு இருந்தது. கடைக்காரர் வாசலில் தொங்கவிட்டார். பத்து நாள் வெயிலுக்கே பாதி வெளுத்துப்போனது. வாங்கிப்போனவங்க சோப்புப் போட்டுத் துவைக்க, பை சிவப்பாகிவிட்டது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது நமக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் யோசிக்கவில்லை. 160 பை திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊராட்சிக் குழு அக்காவின் மகள் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. பி.காம். முடித்து, மேலே இரண்டு வருஷம் ஃபேஷன் மேனேஜ்மென்ட் படித்தவள். "தையல் படிக்கவா இத்தனை லட்சம்?" என்று அவங்க அம்மாவைக் கேட்டவர்களில் நாங்களும் உண்டு. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது!

அவள் பையைப் பார்க்கும் முன்பே கணக்கு நோட்டைக் கேட்டாள். துணி, சாயம், நூல், கரண்ட், பஸ் கூலி எல்லாம் சேர்த்துப் பைக்கு 27 ரூபாய். மீதி 13. 400 பைக்கு 5,200 ரூபாய் லாபம் என்று எழுதி வைத்திருந்தோம். "அத்தை, இதுல உங்க கூலி எங்கே?" என்றாள். ஐந்து பேர் எட்டு நாள் உழைத்தோம். 40 ஆள் கூலி. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 130 ரூபாய். அப்போதைய நூறு நாள் வேலைக் கூலியை விடக் குறைவு. அதுவும் எல்லாம் விற்றிருந்தால். 160 பைக்கு 6,400 ரூபாய் திருப்பிக் கொடுத்ததில், கையிலிருந்து 1,200 ரூபாய் போய்விட்டது.

இந்தப் படிப்பில் முக்கியமாக இதைத்தான் சொல்லித் தருகிறார்களாம். துணிக்கு விலை போடுவது, யார் வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கணிப்பது, பஞ்சு முதல் கடை வரை சரக்கு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்ப்பது. மிஷின் மிதிப்பது அதில் சின்னப் பங்குதான்.

கம்பெனியில் அவளுக்கு வேலை என்னவென்றால், பஞ்சு ரசாயனம் போடாமல் விளைந்ததா, சாயத் தண்ணீர் எங்கே போகிறது, ஆட்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று தாள் தாளாகச் சரிபார்ப்பது. 'காட்ஸ்' என்று ஒரு உலகச் சான்று இருக்கிறது. இயற்கை வேளாண் பஞ்சு 95 சதவீதம் இருந்தால்தான் அதில் 'ஆர்கானிக்' என்று லேபிள் ஒட்ட முடியும்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் ஏன் கேட்கிறான் என்று கேட்டோம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போலத் தைத்துப் பிழைத்த பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் இந்தக் கேள்வி பலமானது.

நொய்யல் கதை நமக்கே தெரியும். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிணறெல்லாம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறந்தார்கள். அப்போது நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள்! ஆறு கெட்டதற்கும் அழுதோம், பட்டறை மூடியதற்கும் அழுதோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சியின் மகள் கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறாள். அவளும் இந்தப் படிப்புக்குப் போகணும் என்கிறாள். அம்மா குழுக்கடன் கேட்கிறாள். போன கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

விசாரித்ததைச் சொல்கிறோம். மத்திய அரசின் 'நிஃப்ட்' சென்னை தரமணியில் 1995 முதல் இருக்கிறது. எந்தப் பட்டப்படிப்பு முடித்தவர்களும் மேனேஜ்மென்ட் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். பாடம் இங்கிலீஷில்தான். பிளஸ் டூ முடித்து நான்கு வருஷ டிசைன் படிப்பில் சேர, கைவினைஞர் அடையாள அட்டை உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத் தனி வழி உண்டு. தறிக்காரக் குடும்பங்கள் இதைக் கேட்டு வையுங்கள். சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்று வருஷ டிப்ளமோ இருக்கிறது. வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது. மேனேஜர் முகத்தைச் சுளித்தாலும் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. கண்ணாடிக் கட்டடம் கட்டி 'ஃபேஷன்' என்று போர்டு மாட்டியதெல்லாம் கல்லூரி ஆகிவிடாது. பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இப்படி 80,000 ரூபாய் கட்டி ஏமாந்த குடும்பம் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறது. பேர் சொல்லவில்லை.

எங்கள் ஐந்து பேர் கருத்து, படிப்புக்கு வங்கிக்கடன். தேர்வுக் கட்டணம், போய்வரும் செலவு, முதல் மாத விடுதிச் செலவுக்கு மட்டும் குழுக்கடன். குழுப் பணம் முழுவதையும் ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் நாளை ஆஸ்பத்திரிச் செலவென்று வருகிறவளுக்கு என்ன பதில் சொல்வது? இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அங்கே வந்து பேசுங்கள், தெருக்குழாயில் பேச வேண்டாம்.

பையை நாங்கள் விட்டுவிடவில்லை. அந்தப் பொண்ணு சொன்னபடி துணியைக் கஞ்சி போக வேகவைத்து அலசி, கடுக்காய்த் தண்ணீரிலும் அப்புறம் படிகாரத்திலும் ஊறவைத்து, மாதுளம் தோலில் சாயம் ஏற்றியிருக்கிறோம். பளிச்சென்று இல்லை, கொஞ்சம் மங்கின மஞ்சள்தான். ஒரு பையின் பாதியை அட்டையால் மூடிக் கூட்டமைப்பு அலுவலகக் கம்பியில் வெயில் படக் கட்டியிருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வரும்போது நீங்களே அட்டையை எடுத்து, இரண்டு பாதியும் ஒரே நிறமா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை புது ஆர்டர் எடுப்பதில்லை என்று இருக்கிறோம்.