பழைய பார்ட்டைக் காட்டுங்கள்!

(தலைப்பு: நடுத்தரக் குடும்பத்துச் சின்னக் காருக்கு ஏற்றது கம்பெனி சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா? ‘தெருமுனை மெக்கானிக்கே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொள்ளாத குறையாகப் பேசி முடித்து, களைத்துப் போய் அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! திரளாகக் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, காய் நறுக்கிக்கொண்டே எங்களையும் நறுக்கிக்கொண்டிருக்கிற சகோதரிகளே!

எதிரணித் தலைவி அம்மா எவ்வளவு அழகாகப் பேசினார்கள்! “கம்பெனியில உட்கார சோபா இருக்கு, ஏ.சி. இருக்கு, காபி கொடுக்கிறாங்க” என்றார்கள். உண்மைதாங்க. நானும் குடிச்சிருக்கேன். அது ஓசிக் காபின்னுதான் நினைச்சேன். பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது, என் ஆயுசுலேயே விலை உயர்ந்த காபி அதுதான்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். புதுக் கார் வாங்கி, வாரண்டி இருக்கிற வரைக்கும் கம்பெனிக்குப் போங்கள். இலவச சர்வீஸ் என்று கூப்பிடுவார்கள். கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு. இருந்தாலும் போங்கள். ஏதோ ஒரு பாகத்தில் தயாரிப்புக் குறை என்று கம்பெனியே திரும்ப அழைத்தால், கட்டாயம் போங்கள். அதில் சண்டையே இல்லை.

சண்டை எப்போது? கார் வாங்கி ஐந்து வருஷம், எட்டு வருஷம் ஆன பிறகு. லோன் இப்போதுதான் முடிந்திருக்கிறது. காரோ, “அப்பா, எனக்கு முழங்கால் வலிக்குது” என்கிறது. அந்த நேரத்தில் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரன் யாரிடம் போவது?

நம்ம நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்கு வாசலில் கார் என்பதையே நினைத்துப் பார்க்க வைத்தது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் கார் சாவியைக் கொடுத்தார்கள். 2014 ஜனவரியில் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். இன்றைக்கும் அந்தக் காரை ரோட்டில் அங்கங்கே பார்க்கிறோமே, எப்படி? கை கறுத்த ஒரு மனுஷன், வேப்ப மரத்தடியில், சாக்கு விரித்துப் படுத்து அதை ஓட வைத்துக்கொண்டிருக்கிறான்! (கைதட்டல்)

என் கதைக்கு வருகிறேன். எங்களிடம் ஒன்பது வருஷம் ஓடிய ஒரு சின்னக் கார். ஒரு மே மாசம், வீட்டம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. முன்பக்கம் ‘லொட லொட’ என்று ஒரு சத்தம். மலையேறப் போகிறோமே என்று கம்பெனி சர்வீஸில் விட்டேன். பெயரெல்லாம் வேண்டாம், அவர்களும் பிழைத்துப் போகட்டும். டை கட்டின தம்பி ஒருவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். எஸ்டிமேட் வந்தது. ஷாக் அப்சார்பர் ரெண்டு, லோயர் ஆர்ம் ரெண்டு, வேலைக்கூலி, வரி... மொத்தம் 11,800 ரூபாய்!

அந்த மாசம்தான் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். “தம்பி, அடுத்த மாசம் மாத்திக்கலாமா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற என் மகளைப் பார்த்தார். “காட் ரோடு ஏறப் போறீங்க சார். ஃபேமிலியோட போறீங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்றார்.

பார்த்தீர்களா நடுவர் அவர்களே! ‘உங்க இஷ்டம்’ என்று சொன்ன பிறகு நமக்கு ஏது இஷ்டம்? அவர் விற்றது ஷாக் அப்சார்பர் இல்லை. என் பயத்தை எனக்கே விற்றார்! (பலத்த கைதட்டல்) பாவம், அந்தத் தம்பியையும் குறை சொல்ல முடியாது. காருக்குக் கீழே அவரே குனிந்து பார்க்கவில்லை. கீழே பார்த்தவர் உள்ளே இருக்கிறார், என்னோடு பேசுபவர் வெளியே இருக்கிறார். நோயாளியைத் தொட்ட டாக்டர் ஒருத்தர், மருந்துச் சீட்டு எழுதுகிறவர் இன்னொருத்தர்!

காரை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக்கு வந்தேன். அங்கே ஒரு பாய். அம்பாசடர், பத்மினி காலத்திலேயே ஸ்பேனர் பிடித்தவர். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்தி, என்னையும் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது. திரும்பி வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார். “அய்யா, நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க” என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். டார்ச் அடித்து, ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினார். லொட லொட! “இதான் ஸ்டெபிலைசர். இதைப் பிடிச்சிருக்கிற ரப்பர் புஷ் தேஞ்சு போச்சு. அந்தச் சத்தந்தான். ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசியுதான்னு நீங்களே தடவிப் பாருங்க.” தடவினேன். விரலில் வந்தது தூசி! “அது நல்லாத்தான் இருக்கு. இப்ப தொட வேணாம்.”

அதோடு விட்டாரா? முன் சக்கரத்தைக் கழட்டினார். முகம் மாறியது. “அய்யா, பிரேக் பேடைப் பாருங்க.” நகக்கண் அளவுதான் மிச்சம் இருந்தது. “இதோட மலை இறங்கக் கூடாது. இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.”

கம்பெனி கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். பிரேக் என்ற இடத்தில் ‘சரி’ என்று டிக் அடித்திருந்தது! (அரங்கில் சலசலப்பு)

புஷ், பேடு, கூலி எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். கழட்டின பழைய பேடைத் தினத்தாளில் சுருட்டி என் கையில் கொடுத்தார். ஊருக்குப் போய் மலை ஏறி, மலை இறங்கி, மூன்று பேரும் நல்லபடியாக வீடு வந்தோம்.

தமிழ் வாத்தியார் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. நம் முன்னோர் ‘பழுது பார்த்தல்’ என்றார்கள். பழுது மாற்றுதல் என்று சொல்லவில்லை, பழுதுக்குப் பில் போடுதல் என்றும் சொல்லவில்லை. (சிரிப்பு) முதல் வேலை பார்ப்பது. நோய் எது, அது எதனால் வந்தது என்று ஆராய்ந்த பிறகுதான் மருந்து என்பது திருக்குறளின் மருந்து அதிகாரத்திலேயே இருக்கிறது. அது காருக்கும் பொருந்தும்.

“மெக்கானிக் டூப்ளிகேட் சாமான் போடுவான்” என்றார் எதிரணி நண்பர். போடுகிறவன் இருக்கிறான், மறுக்கவில்லை. நான் ஒருத்தரிடம் கிளட்ச் வேலைக்கு வண்டியை விட்டேன். சாயங்காலம் பார்த்தால் மச்சான் கல்யாணத்துக்கு அதில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகிறார்! (சிரிப்பு) அதற்கு வழி இருக்கிறது. ஒரிஜினல் சாமான் கடையில் கிடைக்கிறது. டப்பாவில் விலை அச்சடித்திருக்கிறது. நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள், கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சாமான் வெளியே கிடைக்காமல் பார்த்துக்கொண்டது யார்? நான் சொல்லவில்லை, இந்தியப் போட்டி ஆணையம் சொன்னது. ஒரிஜினல் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் செய்கிறார்கள் என்று 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீல், கோர்ட் என்று போனது வேறு கதை. ஒருத்தன் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, “அவனுக்கு நீச்சல் தெரியாது” என்று சொல்லலாமா?

இன்னொரு நண்பர், “இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் கார், இவங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது எங்கள் பாயும் ஸ்கேனர் வாங்கினார், பையனோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரு நாள் என் காரில் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். “அய்யா, இது உயிர்ச் சமாச்சாரம். நான் கை வைக்க மாட்டேன். கம்பெனிக்கே போங்க” என்றார். “எவ்வளவு பாய்?” என்றேன். “பார்த்ததுக்கு என்ன காசு?” என்றார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அந்த மனுஷனிடம்தான் நடுவர் அவர்களே, என் குடும்பத்தை ஏற்றிப்போகிற வண்டியை விடுவேன்! (பலத்த கைதட்டல்)

அவர் சொன்னபடி கம்பெனிக்குப் போனேன். வேலை சுத்தமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பில் கட்டும்போது, “தம்பி, கழட்டின பழைய பார்ட்டைக் காட்டுங்க” என்றேன். “சார், அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சே” என்றார். “அப்ப காபியாவது கொடுங்க தம்பி” என்றேன்! (சிரிப்பு)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். பாய் கொடுத்த அந்தப் பழைய பிரேக் பேடு எங்கள் வீட்டு ஷோகேஸில், நான் பட்டிமன்றத்தில் வாங்கின கேடயங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டம்மா தூசி தட்டும்போதெல்லாம் இடம் பற்றவில்லை என்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தால் கேடயம் ரெண்டு பரணுக்குப் போயிருக்கிறது. பேடு அங்கேயேதான் இருக்கிறது.

(கைதட்டல்)