ஒரு ரூபாயில் ஆரம்பித்த தொழில்

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)

தொழில் தொடங்க வாருங்கள், கடன் தருகிறோம் என்று சர்க்கார் அழைக்கிறது. நல்ல விஷயந்தான். ஆனால் அழைப்பு யாருக்கு? சொத்தும் ஜாமீனும் உள்ளவனுக்கு மட்டுமா? உழைப்பைத் தவிர வேறொன்றுமில்லாதவன் தொழில் நடத்த முடியாதா? கண்ணூர் பீடித் தொழிலாளர்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. வேலை நேரத்துக்கு வரம்பு, சம்பளத்தோடு லீவு ஆகிய உரிமைகள் அதில் இருந்தன. 1968-ல் கேரள சர்க்கார் அதை அமல் செய்தது. உடனே பெரிய பீடி முதலாளிகள், கட்டுப்படியாகாது என்று கதவை மூடினார்கள். சுமார் 12,000 பேர் தெருவில் நின்றார்கள்.

அவர்கள் மூடிய வாசலில் காத்துக் கிடக்கவில்லை. 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 20 ரூபாய். தொழிலாளி போட்டது 1 ரூபாய். மீதி 19 ரூபாயை இ. எம். எஸ். தலைமையிலான சர்க்கார் கடனாகக் கொடுத்தது.

பணத்தோடு காரியம் முடிந்ததா? இல்லை. பீடி சுற்றத் தெரிந்தவனுக்கு, வெளி மாகாணத்திலிருந்து இலையும் புகையிலையும் வாங்கத் தெரியுமா? விற்பனை தெரியுமா? அனுபவமுள்ள அதிகாரி ஜி. கே. பணிக்கர் தலைமைப் பொறுப்பேற்றார். மத்திய சங்கம் சரக்கை மொத்தமாக வாங்கியது. ஊர்ச் சங்கங்கள் பீடி சுற்றின. ஒரே பெயரில் மத்திய சங்கமே விற்றது. தனித்தனியாக நின்றிருந்தால் வியாபாரிகள் விழுங்கியிருப்பார்கள்!

சுமார் 3,000 பேரோடு ஆரம்பித்த சங்கம் 1980-களில் 40,000 பேரைத் தாண்டியது. அதுவும், முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகாத அதே சட்டத்தை அமல் செய்துகொண்டே!

பின்னர் பீடி விற்பனை சரிந்தது, ஆட்களும் குறைந்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. சங்கம் குடை, உணவுப் பொருள், ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது.

தோழர்களே! நாளை நம் ஊரில் பத்துப் பெண்கள் தையல் கூடம் வைக்க வேண்டுமென்று வந்தால், கடன் மனுவை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். துணி எங்கே வாங்குவது? கணக்கை யார் எழுதுவது? தைத்ததை யாரிடம் விற்பது? இந்த மூன்றுக்கும் வழி பிறக்கும்வரை கூடவே நில்லுங்கள். சர்க்காரிடம் மனு கொடுக்கும்போது கடனோடு இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்!