தேவனஹள்ளி: கோட்டையும் கழனியும்



ஒக்கலிபுரத்தில் வாழும் நம்மில் பலருக்குத் தேவனஹள்ளி என்றதும் விமான நிலையமே நினைவுக்கு வரும். இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அச்சிற்றூரின் வரலாறோ பன்னூறாண்டு பழைமையுடையது; நம் தமிழகத்தோடும் உறவுடையது.

காஞ்சிப் பகுதியினின்று புறப்பட்ட குடியானவர் சிலர், ரண பைரே கவுடர் தலைமையில் நந்தி மலையருகே தங்கி, ஆவதி என்னும் ஊரை அமைத்தனர் என்பது மரபுச் செய்தி. அவர் வழிவந்த மல்ல பைரே கவுடர் 1501இல் தேவனஹள்ளியில் மண்கோட்டை எழுப்பினார். அம்மரபின் மற்றொரு கிளையில் தோன்றிய கெம்பே கவுடரே 1537இல் பெங்களூர்க் கோட்டையை அமைத்தவர். மண்கோட்டை பின்னர் ஹைதர் அலி காலத்தில் கற்கோட்டையாயிற்று. திப்பு சுல்தான் பிறந்த ஊரும் இதுவே. 1791இல் காரன்வாலிஸ் பிரபுவின் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டைக்குள் வேணுகோபால சுவாமி கோயிலை இன்றும் காணலாம்.

ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கேழ்வரகும் திராட்சையும் முசுக்கொட்டையும் விளைகின்றன. கன்னடர் சக்கோத்தா என்றும் நாம் பம்பளிமாசு என்றும் வழங்கும் கனி இவ்வூரின் தனிச்சிறப்பு. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

சுமார் 4,000 ஏக்கர் பரப்பில் அமைந்த விமான நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறியது, பழத்தோட்டங்கள் அருகின. பின்னர், தொழிற்பூங்காவுக்காக 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்த அரசு முற்பட்டபோது, உழவர்கள் 2022 ஏப்ரலில் அறப்போர் தொடங்கினர். மூன்றாண்டுகளுக்கு மேல் அவர்கள் தளரவில்லை. 2025 ஜூலை 15ஆம் நாள் முதலமைச்சர் சித்தராமையா அத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். தாமே விரும்பி நிலம் தருவோரிடம் மட்டும் பெறலாம் என்பது அரசின் முடிவு.

அதே 2022இல் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரிலும் விமான நிலையத்திற்கு நிலம் தர மறுத்து உழவர்கள் போராட்டம் தொடங்கினர் என்பதை இங்கு நினைவுகூரல் தகும். அன்று காஞ்சியையும் ஆவதியையும் இணைத்தது குடிபெயர்ச்சி. இன்று இணைப்பது நிலத்தைப் பற்றிய கவலை.

விமானமும் தொழிலும் வேண்டா என்பார் நம்மில் யாருமிலர். அவற்றால் பிழைப்போரும் நம்மிடையே உள்ளனர். எனினும், காணி நிலத்தை விட்டு அயலூர் வந்தவர்களின் வழித்தோன்றல்களே நம்மில் பலர். நிலம் பிரிந்த குடும்பம் நகரத்தில் எவ்வாறு வேர்விட வேண்டியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, சிறிது நேரம் கோட்டை வாயிலில் இறங்கி நின்று பார்ப்போம். சாலையோரத்தில் பம்பளிமாசு விற்கும் உழவரிடம் ஒரு கனியும் வாங்குவோம்.